வல்லம் வடகால் விராலிடம் அரை மில்லி ரத்தம்

ஒரகடத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் சென்னையில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எந்தக் கம்பெனி? கார் கம்பெனியா, கண்ணாடி கம்பெனியா, செல்போன் கம்பெனியா என்று அவர்களே மூன்று பதிலையும் எடுத்துக் கொடுத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள். மீன் பிடிக்கப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். என் சொந்த அக்காவே சிரித்தாள். அந்தக் கடுப்பில்தான் இந்தப் பயணத்தை ஒழுங்காக எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். மாதிரி எடுக்க வெளியூர் கிளம்பும் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள், அவர்களுக்குப் பயன்படும். சும்மா ஏரி பார்க்கப் போகிறவர்களுக்கு டிபன் கடை வரைக்குமாவது பயன்படும்.

நான் மீன்களின் மரபணுக்களைப் படிக்கும் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடத் திட்டம். வேலை ஒன்றே ஒன்று: நம் ஏரிகளில் வாழும் நாட்டு விராலின் மரபணுத் தொகுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து வரிசைப்படுத்துவது. விரால் என்றால் நமக்குக் குழம்பு. ஏரிக்கு அது காவல்காரன். ஜிலேபி மீன் குஞ்சு, தவளை, நோஞ்சான் மீன் என்று எது அளவுக்கு மீறிப் பெருகினாலும் தின்று கட்டுக்குள் வைப்பது விரால்தான். விரால் இல்லாமல் போன ஏரியில் ஜிலேபி மட்டும் மண்டிப்போய், அதுவும் உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் நின்றுவிடும். கோடையில் ஏரி வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து, காற்றைக் குடித்துக்கொண்டு மழைக்காகக் கிடக்கும். சூட்டையும் சாக்கடையையும் இவ்வளவு தாங்கும் தெம்பு அதற்கு எப்படி வந்தது என்பது அதன் மரபணுக்களில்தான் எழுதியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் இப்போது ஏரி ஏரியாகப் பண்ணைக் குஞ்சுகளை விடுகிறார்கள். வளர்ப்பதில் தப்பில்லை. ஆனால் எங்கிருந்தோ வந்த விராலும் உள்ளூர் விராலும் கலந்துவிட்டால், உள்ளூர் விரால் எப்படி இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முன்பே ஒரு உள்ளூர் விராலையாவது படித்து வைத்துவிட வேண்டும். பண்ணைக் குஞ்சு இன்னும் இறங்காத ஏரி ஒன்று வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பருவத்தில் அங்கும் இறக்கப்போவதாகப் பேச்சு. ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த ஞாயிறே தூண்டிலோடு பத்து பைக் அங்கே போய் நிற்கும். உங்களை எனக்குத் தெரியும்.

ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாகிவிட்டது. முதல் முறை ஸ்ரீபெரும்புதூர் சந்தையில் ஏரி விரால் என்று சத்தியம் செய்து விற்றார்கள். வாங்கி வந்து சோதித்தால் பண்ணை மீன். இரண்டாவது முறை மீன் அசல்தான், வழியில் ஐஸ் உருகிவிட்டது. டி.என்.ஏ. என்பது உயிருள்ள உடம்பில் இடியாப்ப இழை மாதிரி நீளமாக இருக்கும். செத்த மீனைக் கொஞ்ச நேரம் சூட்டில் விட்டால் ரவையாக உதிர்ந்துவிடும். டி.என்.ஏ.வைப் படிக்கும் எந்திரத்துக்கு நீள இழை வேண்டும், ரவையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பல ஆய்வகங்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் எந்திரம் அது. எங்கள் முறை அந்தத் திங்கட்கிழமை தொடங்கியது. தவறவிட்டால் இறால் ஆராய்ச்சிக்காரர்கள் வரிசையில் காத்திருந்தார்கள், மறுபடி எங்கள் முறை வருவதற்குள் திட்டமே முடிந்துவிடும். திட்டம் முடிந்தால் விராலின் கதையும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் கிண்டியில் ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது அதனால்தான்.

பெட்டிக்குள் ஐந்து கிலோ டிரை ஐஸ். உறையவைத்த கரியமில வாயு, தண்ணீராக உருகாமல் புகையாகவே போய்விடும். முந்தின நாள் மாலையே வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறக்காது. வண்டி ஓட்ட வந்தவர் செல்வம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வார நாட்களில் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார், அதனால் அந்தப் பக்கம் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. ஒரு நாள் வாடகை டீசலோடு இரண்டாயிரத்து எண்ணூறு. பெட்டியைப் பின் சீட்டில் வைத்ததும் மூடி இடுக்கில் வெள்ளையாகப் புகை வழிந்தது.

“ஏக்கா, என்னக்கா பொகையா வருது? வண்டிக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்றார்.

வண்டிக்கு ஆகாது, கண்ணாடியை ஏற்றி மூடினால் நமக்குத்தான் ஆகும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒரகடம் வரை நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். என் தலைமுடி என்ன பாடுபட்டது என்பதை இங்கே எழுதவில்லை.

கிண்டியிலிருந்து தாம்பரம், முடிச்சூர், மணிமங்கலம், படப்பை வழியாகப் போனோம். நேர் சாலையை விட்டு மணிமங்கலம் பக்கம் சுற்றியது என் ஆசை. பல்லவர்களும் சாளுக்கியர்களும் மோதிய ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, பார்த்ததில்லை. பார்த்தபோது பூக்காரர்கள் கோவில் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு நாய்கள் மோதிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் கூடுதலாகும், போய்ப் பார்க்கலாம். படப்பையில் டிபன். இட்லி, வடை, காபி என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று எண்பது ரூபாய். கடையின் பெயர் தேவையில்லை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டி எந்தக் கடையில் ஓட்டுநர்கள் அதிகமாக நிற்கிறார்களோ அதுதான். சட்னியில் பூண்டு தூக்கலாக இருந்தது, இன்னொரு வடையும் சாப்பிட்டேன்.

ஒரகடம் கூட்டுரோடு ஞாயிறு காலையிலும் ஓயவில்லை. ஷிப்ட் முடிந்த பேருந்துகள் ஒரு பக்கம், தொடங்கப்போகிறவை ஒரு பக்கம். எல்லா ஜன்னல்களிலும் தூங்கும் தலைகள். இந்தக் கூட்டுரோட்டு டீக்கடையில்தான் போன பயணத்தில் ஜெபராஜைப் பார்த்தேன். வயது முப்பத்தைந்து இருக்கும். கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் லைன் ஆபரேட்டர், வார விடுமுறையில் வலையும் கையுமாக ஏரியில். அவர் செல்போனில் ஒரு விரால் படத்தை நண்பரிடம் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு நானே வலியப் போய்ப் பேசினேன். சனிக்கிழமை மாலை அவர் ஒரு விராலைப் பிடித்துத் தண்ணீர் டிரம்மில் உயிரோடு வைத்திருப்பது, ஞாயிறு காலை நான் போய் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் படமும் அனுப்பிவிட்டார். டிரம்முக்குள் கையளவு கனத்தில் கறுத்த மீன். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் ஏழு கிலோமீட்டர் சொச்சம். தொழிற்பேட்டையின் அகலச் சாலை சட்டென்று முடிந்து, ஒரு வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு ஊர் தொடங்குகிறது. ஜெபராஜின் வீடு கடைசி வரிசையில். வாசலில் நீல டிரம் இருந்தது. உள்ளே தண்ணீர் இருந்தது. மீனைக் காணோம்.

ஜெபராஜின் மனைவி எஸ்தர் வெளியே வந்தார். இவரும் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் காய்கறிப் பிரிவில் வேலை பார்க்கிறவர்.

“வாங்க மேடம், உக்காருங்க. அவருக்கு நேத்து நைட் திடீர்னு ஓ.டி. டூட்டி போட்டுட்டாங்க. கம்பெனி பஸ்ஸு வர்ற நேரந்தான். மீனு ரெடியா கீது.”

உள்ளே போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தார். விரால் இருந்தது. துண்டு துண்டாக, சீரான கனத்தில், மஞ்சள் தடவி, உப்புப் போட்டு. தலையை மட்டும் தனியாக இரண்டாகப் பிளந்து ஓரத்தில் வைத்திருந்தார்.

உப்பு ஏறி மணிக்கணக்காகக் கிடந்த அந்தச் சதை எங்கள் எந்திரத்துக்கு ஆகாது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். சூடானது. ஆனால் எஸ்தரின் முகத்தைப் பார்த்தால் திட்டவும் முடியவில்லை. விருந்தாளிக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்துவிட்ட முகம் அது.

“டிரம்லதான் மேடம் வுட்டுட்டு போனாரு. மூடி போட்டு கல்லும் வெச்சாரு. வெடிகாலைல டமால்னு சத்தம். வந்து பாத்தா மூடியத் தள்ளிட்டு வாசல்ல வுழுந்து துள்ளிகினு கீது. ஒடம்பு பூரா மண்ணு. செத்துடும்னு பயந்துட்டேன். செத்த மீன எப்டி உங்க கைல குடுக்கறது? அதான் உயிரு இருக்கசொல்லவே சாம்பல் போட்டு தேச்சி சுத்தம் பண்ணிட்டேன்.”

“குடல், செவுள் எல்லாம்?” என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“அத பூனைக்கு போட்டுட்டேன். மீன அஞ்சு தண்ணி கழுவினேன் மேடம். ஒரு சொட்டு ரத்தம் இருக்காது.”

மண்ணில் விழுந்த மீனை விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடாது, சாவதற்குள் கழுவிவிட வேண்டும் என்பது மீன் தின்று வளர்ந்த எந்த வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் அம்மாவும் அதையேதான் செய்திருப்பார். தண்ணீரை விட்டு வெளியே வந்தாலும் விரால் மணிக்கணக்கில் சாகாது, டிரம்முக்குள் மறுபடி போட்டிருந்தால் போதும் என்பதை எஸ்தருக்கு நான் சொல்லி வைத்திருக்கலாம். எதற்காக மீன் வேண்டும் என்று ஜெபராஜிடம் மட்டும் பேசினேன், வீட்டில் இருக்கப்போகிறவரிடம் பேசவில்லை.

“கொழம்பு வச்சா நல்லாருக்கும்லாக்கா” என்று செல்வம் மெதுவாகச் சொன்னார். ஆறுதல் சொல்கிறாராம்.

ஜெபராஜ் சீருடையோடு, கண் சிவந்து வந்து இறங்கினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இன்று சாயங்காலத்துக்குள் உயிருள்ள ஏரி விராலின் சதை பெட்டிக்குள் போகாவிட்டால் இரண்டு வருட வேலை காலி, எனக்கும் டிசம்பரோடு வேலை இல்லை என்பது வரை சொல்லிவிட்டேன். எஸ்தருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும். ஜெபராஜ் டீயை மட்டும் குடித்துவிட்டு வலையை எடுத்தார்.

“தூக்கம் எங்க போயிடப்போவுது. வாங்க மேடம், ஏரில இல்லாத விராலா.”

ஏரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். எஸ்தரும் செல்வமும் கூடவே வந்தார்கள். ஒரு கரையில் கருவேலம், எதிர்க்கரையில் தொழிற்சாலையின் நீளமான சாம்பல் நிறச் சுவர். நடுவில் முதல் மழைக்கு வந்த புதுத்தண்ணீர், மதகு ஓரத்தில் மட்டும் ஆகாயத்தாமரை. மீன்வளத் துறையின் அனுமதிக் கடிதம் என் பையில் இருந்தது, ஏரியை ஏலத்தில் குத்தகைக்கு எடுத்தவரிடமும் முன்பே பேசியிருந்தேன். ஜெபராஜ் இடுப்பளவு இறங்கி வீச்சு வலையை விரித்தார். ஜிலேபி. இன்னொரு வீச்சு. ஜிலேபியும் இரண்டு கெளுத்தியும். இடம் மாறி இடம் மாறி வீசினார். ஜிலேபி, ஜிலேபி, ஒரு செருப்பு, ஜிலேபி. பத்தரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் வைத்திருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், காலையில் இருந்த கனம் இல்லை.

பதினொரு மணி வாக்கில் ஆகாயத்தாமரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் கொதிப்பது போல் தெரிந்தது. ஒரு தாம்பாளம் அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். மொத்தமாக மேலே வந்து காற்று குடித்துவிட்டு மொத்தமாகக் கீழே போகும். அதற்கு அடியில் கறுப்பாக ஒரு நீளம் அசைந்தது. காவலுக்கு நிற்கும் பெரிய விரால். குஞ்சுகளை விட்டு நகராது, வலையை வீசினால் கட்டாயம் விழும். எனக்கு உயிர் வந்தது.

ஜெபராஜ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிவிட்டார்.

“இது வேணாம் மேடம். வேற பாக்கலாம்.”

“என்ன வேணாம்? அதோ நிக்குதே.”

“குஞ்சு மேய்க்கிற விரால எங்க ஊர்ல எடுக்க மாட்டோம். ஏலம் எடுத்தவரு வந்து சொன்னாகூட எடுக்க மாட்டோம்.”

ஒரே ஒரு மீன்தானே என்றேன். இது சாப்பிட இல்லை, இந்த விரால் வம்சத்துக்காகத்தான் என்றேன். நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அது போச்சுன்னா அர மணி நேரத்துல அத்தினி குஞ்சையும் ஜிலேபி துண்ணுடும். மேல மீன்கொத்தி வேற. வம்சத்துக்குன்னு சொல்றீங்க, அதான் வம்சம், அங்க சிவப்பா கீதே.”

எஸ்தரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். காலையில் எனக்காகக் கண் கலங்கியவர், இப்போது கணவர் பக்கம். ஊர் வழக்கத்தை மீறி எடுங்கள் என்று இனி யாரிடம் சொல்வது? நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கோபம், பசி, வெயில் மூன்றும் சேர்ந்து அழுகை வரும்போல் இருந்தது.

உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வந்தது. நான் முழு மீனுக்காக வந்திருந்தேன். சதை, கல்லீரல், இதயம் என்று எடுத்து வைத்தால் பின்னால் பல சோதனைகளுக்கு ஆகும், எங்கள் ஆய்வக வழக்கமும் அதுதான். ஆனால் டி.என்.ஏ. மட்டும் போதும் என்றால் மீன் சாக வேண்டியதில்லை. நம் ரத்தத்தின் சிவப்பணுக்களில் டி.என்.ஏ. இருக்காது. மீனின் சிவப்பணு ஒவ்வொன்றிலும் முழுத் தொகுதியும் உண்டு. அரை மில்லி ரத்தம் கிடைத்தால் எந்திரத்துக்குத் தாராளம். கல்லீரலும் இதயமும் வேண்டாம் என்று அந்தக் கல்லில் உட்கார்ந்தபடியே கைகழுவினேன்.

எழுந்து போய் ஜெபராஜிடம் சொன்னேன். மீனை எடுக்க வேண்டாம், வெளியே கொண்டுவந்து ஊசியில் ரத்தம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம்.

“எவ்ளோ நேரம் வெளில இருக்கும்?”

“மயக்கம், ஊசி, தெளியிறது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.”

“பொழைக்குமா?”

“பொழைக்கும்” என்றேன். ஆய்வகத் தொட்டியில் இருபது முப்பது மீன்களுக்குச் செய்திருக்கிறேன். ஏரிக்கரையில் ஒரு மீனுக்குக்கூடச் செய்ததில்லை. அதையும் சொன்னேன்.

அவர் குஞ்சுகள் இருந்த பக்கம் திரும்பினார். “அதுவரைக்கும் குஞ்சுங்கள யாரு பாத்துப்பாங்க?”

“நான் நிக்கிறேன்” என்றார் எஸ்தர். வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கட்டும் கொசுவலையை எடுத்து வந்தார். தண்ணீருக்குள் வேலி மாதிரி அதைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். செல்வம் தன் வெளுத்த பேன்ட்டைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார்.

“நானும் நிக்கேன்க்கா. பாம்பு கீம்பு கெடக்காதுல்லா?” என்றபடியே இறங்கிவிட்டார்.

ஒரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டுக் கலக்கினேன். மீனுக்கு அதுதான் மயக்க மருந்து. கரை முழுக்கப் பல் டாக்டர் வீட்டு வாசனை. ஜெபராஜ் வலையை விரித்தார். குஞ்சுகள் கண்ணி வழியாக நழுவிவிட்டன, பெரியது மட்டும் உள்ளே. எஸ்தரும் செல்வமும் சிவப்புக் கூட்டத்தைச் சுற்றிக் கொசுவலையை வளைத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். செல்வம் ஒரு கையால் மீன்கொத்தியை விரட்டினார்.

“பெரும்பாலும் அப்பாதான் காவல் நிக்கும்” என்று நான் சொன்னதும் எஸ்தர் தண்ணீரிலிருந்தே, “கேட்டுக்க, மீனுகூட ஓ.டி.க்கு போவல” என்றார். ஜெபராஜ் சிரித்தார், கை மட்டும் மீனை விடவில்லை.

வாளியில் விரால் மெல்லச் சாய்ந்தது. ஈரத் துணியில் கிடத்தி, வாலுக்குப் பக்கத்தில் அடிப்பக்கமாக ஊசியை ஏற்றினேன். ஒன்றும் வரவில்லை. ஊசியை வெளியே எடுத்து, மூச்சை இழுத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே சாய்த்து ஏற்றினேன். கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது. அரை மில்லி கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டேன். மூன்று சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றி, பெட்டிக்குள் டிரை ஐஸில் புதைத்து மூடினேன். இரண்டு வருட வேலை அந்த மூன்று குப்பிகளில் இருந்தது. நீளம் அளந்து, படமும் எடுத்துக்கொண்டோம்.

மயக்கம் தெளிய நல்ல தண்ணீரில் விட்டோம். தெளியவில்லை. செவுள் அசையவில்லை. ஜெபராஜ் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் என்னவோ செய்தது. மீனை இரண்டு கையாலும் தாங்கி, வாயை மேலே தூக்கிக் காற்றுக்குக் காட்டினேன். முன்னும் பின்னும் தண்ணீரில் மெதுவாக இழுத்தேன். எண்ணெயை ஒரு சொட்டு கூடுதலாக விட்டுவிட்டேனோ என்று தோன்றியது. எனக்கு வேண்டியது பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, அப்போது அது நினைவுக்கே வரவில்லை. பிறகு வாய் ஒரு முறை திறந்து காற்றைக் கவ்வியது. இன்னொரு முறை. உடம்பு முறுக்கிக்கொண்டு என் கையை ஓர் அறை அறைந்துவிட்டுப் போனது.

குஞ்சுகளிடம் போகவில்லை. நேரே ஆகாயத்தாமரைக்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

“கெளம்பணும்னா கெளம்புங்க மேடம், உங்க ஐஸ் கரையுதுல்ல” என்றார் ஜெபராஜ். எஸ்தர் கொசுவலையை விடவில்லை. செல்வமும் விடவில்லை. நான் பெட்டியை மரத்தடிக்கு நகர்த்திவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, வேலி திறந்திருந்த பக்கத்தில் நின்றேன். ஜிலேபிகள் காலை உரசிக்கொண்டு போயின. கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். என் முழங்காலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று மெல்ல நகர்ந்து, கொசுவலைக்கு அடியில் போய், சிவப்புக் கூட்டத்துக்குக் கீழே நின்றது.

எஸ்தர் வலையைச் சத்தமில்லாமல் சுருட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏரித் தண்ணீர் முகத்தில் இருந்ததால் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பூந்தமல்லி சாலையைப் பிடித்தோம். தூரம் கொஞ்சம் அதிகம், சாலை நல்ல சாலை. மஞ்சள் தடவிய விராலை எஸ்தர் பதினைந்து நிமிடத்தில் வறுத்து டப்பாவில் கொடுத்தனுப்பியிருந்தார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தாமலே ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டோம். 2015 சென்னை வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்தபோது எங்கள் தெருவில் கெளுத்தி நீந்தியதைச் செல்வத்திடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மூன்று மணிக்கு முன்பே ரத்தம் ஆய்வக ஃபிரீசருக்குள் போய்விட்டது.

டி.என்.ஏ. நீள நீள இழையாக வந்தது. இறால்காரர்களுக்கு எங்கள் முறை போகவில்லை. எந்திரம் துண்டு துண்டாகப் படித்து முடித்துவிட்டது. அந்தத் துண்டுகளை ஒட்டி முழுத் தொகுதியாக்கும் கணினி வேலை இப்போது நடக்கிறது, இன்னும் சில மாதம் ஆகும். அதற்காகத் திட்டத்தை நீட்டித்திருக்கிறார்கள். முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பண்ணைக் குஞ்சு விடுகிறவர்களும் தங்கள் மீனை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அக்டோபர் முதல் மழைக்குப் பிறகு போங்கள், கோடையில் விரால் சேற்றில் இருக்கும். அனுமதிக் கடிதம் இல்லாமல் வலையைத் தொடாதீர்கள். டிரை ஐஸ் இருக்கும் வண்டியில் கண்ணாடியைத் திறந்தே வையுங்கள், வெறுங்கையால் அதைத் தொடாதீர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் சிக்கினால் அரை மணி நேரம் போய்விடும். மாற்றுத் துணி எடுத்துப் போங்கள், செல்வத்தின் பேன்ட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கிராம்பு எண்ணெயைச் சொட்டு எண்ணி விடுங்கள். மீனைப் பிடிக்கிறவரிடம் பேசுவது போலவே அவர் வீட்டில் இருப்பவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். முழு மீன் உண்மையிலேயே வேண்டுமா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே, வெயில் ஏறுவதற்கு முன்பே யோசித்துவிடுங்கள்.

மரபணுத் தொகுதி படிக்கப்பட்ட மீன் ஒவ்வொன்றையும் எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி ஜாடியில் மருந்துத் தண்ணீர் ஊற்றிப் பாதுகாத்து வைப்பது வழக்கம். போன வாரம் எங்கள் தலைவர் அலமாரியைப் பார்வையிட வந்தார். விராலுக்கென்று எண் ஒட்டிய ஜாடி காலியாக இருந்தது.

“மீன் எங்க?” என்றார்.

“ஏரியில இருக்கு மேடம். குஞ்சு பாத்துக்கிட்டிருந்தது, அதான் கொண்டுவரல.”

படம் இருக்கிறதா, அளவு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் ஜாடியை எடுத்து என் கையில் கொடுத்தார். அது போதும், இதைக் கழுவிக் கவிழ்த்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.